மாறாத தீவின் பல்லிகள்

— வயித்துக்குள்ளயே மாறிப்போச்சாமே, ஜெலிமிர் டாக்டரே? உங்க ஆராய்ச்சி நிலையத்து நேவென்காம்மா டிவியில சொன்னாவ. எம்பொண்டாட்டியக் கூப்பிட்டுக் காட்டினேன்.

— எந்த டிவியில, ஷீமேண்ணே?

— ஸாக்ரெப் டிவிதான். பொறவு அந்த ஜெர்மன்காரன் கேமராவத் தூக்கிட்டு வந்தாம்லா, அவனும் எடுத்துட்டுப் போனான். ட்ராவ்னா தீவுப் பல்லிக்குக் குடல்ல புதுசா ஒரு மடிப்பு விழுந்திருக்காம். புல்லு செமிக்கதுக்காம். தலையும் பெருசாயிட்டாம். வெறும் முப்பத்தேழு வருசத்துல!

— கடலைப் பாத்து ஓட்டுங்க.

— பாத்துதான் ஓட்டுதேன். நாப்பது வருசமா இந்தக் கடல்லதான் கெடக்கேன். எனக்கு ஒரு மாத்தமும் வரலையே, தொப்பையத் தவிர?

— உங்க தொப்பை உங்களோட போயிடும். இது வேற விஷயம்.

— என்ன வேற? வெளங்குத மாதிரி சொல்லுங்க. அம்மா சொல்லுதப்ப இடையில விளம்பரம் போட்டுட்டான்.

— எழுபத்திரண்டுல எங்க பழைய புரொபசர், பக்கத்துல கோலாச்ங்கற பாறைத் தீவுலேருந்து அஞ்சு ஜோடியப் பிடிச்சு ட்ராவ்னாவுல விட்டார். சும்மா, என்ன ஆகுதுன்னு பாக்க. கோலாச்சுல பூச்சி நிறைய. ட்ராவ்னாவுல பூச்சி கம்மி, புல்லும் இலையும்தான். பொறக்கற குட்டிகள்ல ஒண்ணு ரெண்டுக்குத் தாடை கொஞ்சம் பெருசா இருக்கும். காரணமே வேண்டாம், அண்ணன் தம்பியில ஒருத்தனுக்கு மூக்கு நீளமா இருக்கறதில்லையா, அப்படி. ஆகஸ்ட் மாசத்துல எல்லாம் காஞ்சு கெடக்கும்போது அந்த மொரட்டு இலையைக் கடிக்க முடிஞ்சது பிழைக்கும். மத்தது பட்டினி. அடுத்த வருஷம் முட்டை போடறது யாரு? பிழைச்சது. இப்படியே வருஷா வருஷம். அவ்வளவுதான்.

— அப்ப பல்லியா யோசிச்சு மாறலையா?

— பல்லி ஒண்ணும் யோசிக்கலை. சாகறது சாகுது, மிச்சம் இருக்கறது பெத்துக்குது.

— மாதாவே! ஆனா ஒண்ணு டாக்டரே, மொரட்டு இலையக் கடிச்சுக் கடிச்சே தாடை பெருத்திருக்கும்லா? எம்மருமவன் துறைமுகத்துல மூட்டை தூக்கித் தூக்கி, தோளு ரெண்டும் மாடு மாதிரி ஆயிட்டு.

— அதையும் நேவென்கா விட்டு வைக்கலையே. முட்டைகளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வச்சு, குட்டிக்கு மெத்துன பூச்சியாவே போட்டு வளர்த்தா. அப்பவும் பெரிய தலைதான் வந்துச்சு. ஏதாவது சரக்குக் கப்பல்ல வந்த வேற சாதிப் பல்லியா இருக்கும்னு நான் சொன்னேன். வால்நுனியை வெட்டி மரபணு பாத்தா. அந்த அஞ்சு ஜோடியோட பேரன் பேத்திகள்தான்னு வந்துடுச்சு. நான் எந்தப் பக்கம் போனாலும் அங்க முன்னாடியே போய்க் கதவைச் சாத்திட்டு நிக்கறா.

— நீங்க எதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் போறிய?

— நீங்க கடலைப் பாருங்க.

— மூஞ்சி ஏன் இப்பிடிக் கறுக்குது? இந்தாங்க, அத்திப்பழம். எம்பொண்டாட்டி காயப்போட்டதுதான், உங்களுக்குன்னே குடுத்துவிட்டா.

— வேண்டாம்.

— டாக்டரே, உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்னு ரெண்டு நாளா...

— பேக்கரிக்குப் போனீங்களா போன வாரம்?

— துறைமுகத்துப் பேக்கரியா? போனேனே.

— பேக்கரிக்காரி பல்லி மாதிரி ரொட்டி போட்டிருக்கா. பெரிய தலை வச்சு, கண்ணுக்கு மிளகு வச்சு. நான் ஒண்ணு கேட்டேன். ‘நேவென்காவோட பல்லியா சார்?’னு கேக்கறா. என்கிட்ட! அந்தப் பல்லிக்கு அப்பன் பாட்டன் எல்லாம் என் பாறையில இருக்கு அண்ணே. பதினொரு வருஷமா நானும் அதே வெயில்ல, அதே தூண்டில் கம்பு நுனியில அதே நூல் சுருக்கைப் போட்டுத்தான் பிடிக்கறேன். அவ அளக்கற மாதிரியே தலையை அளக்கறேன், தாடையை அளக்கறேன். என் பல்லி மாறவே இல்ல! பதினொரு வருஷமா இம்மி மாறலை. மாறாததைப் பத்தி எவன் டிவியில கேப்பான்? எவன் ரொட்டி சுடுவான்?

— தீவு அமையதெல்லாம் அவுகவுக நேரம், டாக்டரே.

— நேரமா? நானே எடுத்ததுண்ணே. சண்டை முடிஞ்சு ராணுவம் தீவுகளைத் திறந்துவிட்ட வருஷம், நானும் அவளும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. ‘உனக்கு எது வேணும்?’னு அவ கேக்கறா. நான் கோலாச்னு சொன்னேன். ஏன்னு கேளுங்க.

— ஏன்?

— படகு கட்ட நல்ல இடம் இருந்துச்சு. கலங்கரை விளக்கத்துல படுத்துக்க ஒரு அறையும் இருந்துச்சு. ட்ராவ்னாவுல முள்ளும் புல்லும்தான்னு நெனைச்சேன். அவ சிரிச்சுக்கிட்டே ‘சரி, முள்ளு எனக்கு’ன்னா. இன்னைக்கும் ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சிரிப்புதான் கேக்குது.

— நல்லதுக்குச் சிரிச்சிருப்பாவ. அவுகளுக்கு உங்க மேல பிரியம் உண்டு.

— பிரியம்! மேல இருக்கறவங்களுக்குப் பிரியத்துக்கு என்ன குறைச்சல்? வியாழக்கிழமை வெளிநாட்டுலேருந்து ஆறு பேர் வர்றாங்க தெரியுமா? ட்ராவ்னாவுல அவங்க கையாலயே நூறு பல்லி பிடிச்சு, அளந்து, இவ சொன்னது சரின்னு கையெழுத்துப் போடப் போறாங்க. அப்புறம் அவளைக் கையால பிடிக்க முடியுமா?

— தெரியும். அவியளக் கூட்டிட்டுப் போறது நான்தானே. அதப் பத்தித்தான் சொல்ல வந்தேன், டாக்டரே...

— அப்புறம் சொல்லலாம். அந்தா ட்ராவ்னா. கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க.

— இங்கனயா? நேரா ஊருக்குத்தான்னு சொன்னிய? காலம்பற கோலாச்சுல பிடிச்ச பல்லியெல்லாம் பையில கெடக்கு. அளந்துட்டு நாளைக்கே கொண்டுபோய் விடணும்பிய.

— காலு மரத்துப் போச்சு. பத்து நிமிஷம்.

— தெக்க பாருங்க, யூகோங்குத தெக்கத்திக் காத்து எழும்புதுக்கு மேகம் கட்டுது. பத்துன்னா பத்துதான். கயித்தப் பிடிங்க. பாத்துக் கால வைங்க, பாசி. ஏ, பையெல்லாம் எதுக்கு?

— படகுல வெயில் அடிக்குது. செத்துடும். புல்லு நிழல்ல வச்சுடறேன்.

— நாலு பையுமா? ஈரத்துணி போட்டு மூடுதேன், இருக்கட்டும் டாக்டரே... டாக்டரே!

— வந்துடறேன்!

— அங்கன எதுக்கு அவ்வளவு மேல ஏறுதிய? நிழலு இங்கனயே இருக்கு!

— நீங்க படகைப் பிடிச்சிக்கிட்டு இருங்க!

— ஏ டாக்டரே! காத்து திரும்புது! கேக்குதா?

— கேக்குது! வர்றேன்!

— சீக்கிரம்! பாறையில அடிச்சா என் படகு போச்சு! ஆங், கையக் குடுங்க. மூச்சு எதுக்கு இப்பிடி வாங்குது? உக்காருங்க. பையத் தாங்க.

— நானே வச்சிக்கறேன்.

— தாங்கன்னா. ... டாக்டரே. பை ஏன் காத்து மாதிரி இருக்கு?

— படகை எடுங்க.

— நாலும் வெறும் பை. நாப்பது பல்லி இருந்துச்சு, நானே எண்ணி முடிச்சுப் போட்டேன்.

— எடுங்கன்னு சொல்றேன்ல!

— எடுத்துட்டேன். சொல்லுங்க. கோலாச்சுப் பல்லிய அம்மாவோட தீவுல விட்டியளா?

— ஆமா. விட்டேன். வியாழக்கிழமை அந்த ஆறு பேரும் சுருக்குப் போடட்டும். ஒண்ணு பெரிய தலை, ஒண்ணு சின்னத் தலை, ஒண்ணுக்கு மடிப்பு இருக்கும், ஒண்ணுக்கு இருக்காது. ‘என்ன அம்மணி, பாதி மாறிச்சு, பாதி மாறலையா?’னு கேக்கட்டும். அப்ப சிரிக்கட்டும் அவ.

— மாதாவே. மாதாவே.

— நீங்க ஒண்ணும் பாக்கலை. நான் கால் நீட்டத்தான் எறங்கினேன்.

— அதுகளுக்கு விரல் நுனி வெட்டினியளா? உங்க அடையாளம்?

— நான் என்ன முட்டாளா? அடையாளமே இல்ல. எவனும் என்னைக் கேக்க முடியாது.

— டாக்டரே, அந்த ஆறு பேரும் எதப் பாக்க வாரானுவன்னு உங்களுக்குத் தெரியுமா?

— அவ பெருமையைப் பாக்க.

— உங்க அறுவத்திரண்டப் பாக்க.

— எந்த அறுபத்திரண்டு?

— மூணு வருசத்துக்கு முன்ன, செப்டம்பர் மாசம். உங்களுக்கு இடுப்புப் பிடிச்சு எழும்ப முடியாமக் கெடந்திய. அளந்து, விரல் வெட்டி, அறுவத்திரண்டு பல்லிய எங்கையில குடுத்து, ‘எடுத்த பாறையிலயே விடணும் ஷீமேண்ணே, ஒரு முழம் தள்ளி விட்டாலும் தப்பு’ன்னிய.

— ஆமா. விட்டாச்சுன்னு வந்து சொன்னீங்க.

— பொய் சொன்னேன். பாதி வழியில இதே யூகோ பிடிச்சுக்கிட்டு. அலை தலைக்கு மேல வருது. கோலாச்சு போயிருந்தா நான் இன்னைக்கு இல்ல. ட்ராவ்னா மறைவுல ஒதுங்கினேன். பையில கெடந்தா விடியுதுக்குள்ள மூச்சு முட்டிச் செத்துடும்னு பயம். பல்லிக்குப் பாறைன்னா பாறைதானன்னு நெனைச்சு, அங்கனயே அவுத்து விட்டுட்டேன். இதத்தான் ரெண்டு நாளா உங்ககிட்டச் சொல்ல வாயத் திறக்கேன், நீங்க விடல.

— அந்த அறுபத்திரண்டையும் தேடி நான் ரெண்டு வருஷம் கோலாச் பாறையெல்லாம் பொரட்டினேன். ஒண்ணுகூடக் கிடைக்கலை. பருந்து தூக்கிட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். மொத்த நிலையமும் சிரிச்சுது.

— தெரியும். ஒவ்வொரு மட்டம் உங்களக் கூட்டிட்டுப் போகுதப்பவும் சொல்லிடணும்னு நெனைப்பேன். மறு வருசம் வசந்தத்துல அம்மா சுருக்குப் போட்டா, உங்க வெட்டு வெட்டின பல்லி மாட்டுது. ஒண்ணு, ரெண்டு, நாப்பத்தொண்ணு. எலும்பும் தோலுமா. இலைய வாயில வச்சுக்கிட்டுக் கடிக்க முடியாம நிக்குமாம். அம்மா மாசா மாசம் எண்ணிக்கிட்டே வந்தாவ. அந்த ஆகஸ்ட் முடியுதப்ப ஒம்பது. போன வருசம் ஒண்ணு. இந்த வருசம் ஒண்ணுமில்ல, அந்த ஆறு பேரும் அதத்தான் பாக்க வாரானுவ. பக்கத்துலயே அவுக பல்லி கொழுத்துத் திரியுது.

— ஒண்ணு கூடவா?

— ஒண்ணு கூட. ‘இந்த மாதிரி சோதனையை வேணும்னு செய்ய எந்தச் சர்க்காரும் அனுமதி குடுக்காது ஷீமேண்ணே, உங்க பயம் செஞ்சு குடுத்துடுச்சு’ன்னாவ. எது பிழைக்கும், எது பிழைக்காதுங்கத கண்ணுக்கு முன்ன காட்டிட்டாம். அதுவும் எப்பிடி? ஒவ்வொரு பல்லியும் எந்த அளவுல போச்சுன்னு உங்க நோட்டுல இருக்கு. கோலாச்சு பதினொரு வருசமா மாறாம நிக்குன்னு நீங்க அளந்து வச்சதாலதான் ட்ராவ்னா மாறினது நெசம்னு நிக்குதாம். அதனால கட்டுரையில முதல் பேரு உங்களுதாம். ரெண்டாவதுதான் அவுக. சனிக்கிழமை விருந்துல சொல்லணும்னு வச்சிருந்தாவ. அதுக்கு முன்ன என் தப்ப நானே உங்ககிட்ட ஒத்துக்கிடணும்னு சொல்லிட்டாவ.

— முதல் பேரு...

— ஆமா.

— படகைத் திருப்புங்க.

— காத்தப் பாத்தியளா?

— திருப்புங்க அண்ணே! தலை சின்னதா இருக்கும், பாத்தாலே தெரியும், நான் ஒண்ணொண்ணாப் பிடிச்சிடறேன்!

— நாப்பதையுமா? வியாழக்கிழமைக்குள்ளயா? இந்தக் காத்து மூணு நாளு அடங்காது, டாக்டரே. அடங்குதப்ப அவனுவளும் எங்கூடத்தான் எறங்குவானுவ.

— இத்தனை நாளா அவ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? என் வெட்டு இருக்கு, என் பல்லி. வந்து சட்டையைப் பிடிச்சிருக்கலாமே?

— நான்தான் அம்மாகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு, என்னக் காட்டிக் குடுக்காதியன்னு அவுக கையப் பிடிச்சேன்.

— அதுக்கு முன்னாடி? நீங்க ஒத்துக்கறதுக்கு முன்னாடி? நிலையத்துல என்ன பேசினாங்க?

— அத விடுங்க.

— சொல்லுங்க.

— எல்லாரும் உங்களத்தான் சொன்னாவ. ‘ஜெலிமிர் பொறாமையில கொண்டாந்து விட்டிருக்கான், விசாரணை வைக்கணும்’னு டைரக்டர் பேப்பரே எடுத்துட்டாராம். அம்மா அந்தப் பேப்பரப் பிடுங்கி, ‘இருபத்தாறு வருஷமா அவனை எனக்குத் தெரியும், அவன் இதைச் செய்யற ஆளு இல்ல, செஞ்சான்னு என்னைக்காவது தெரிஞ்சா என் வேலை மொத்தத்தையும் பொய்னு எழுதிக்குங்க’ன்னு அதுலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாவ, டாக்டரே.