சைக்கிளுக்குச் செவுள் பார்த்த அக்கா

2013 ஆகஸ்ட் 17, சனி. காலை ஐந்தரைக்கு நடை, பத்து மணிக்கு நூலகம். மாலை 4.40க்கு நாகர்கோவிலில் கடியப்பட்டணம் பேருந்து. முன் இருக்கையில் மீன் விற்கும் ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும்.

"ஏலே, சைக்கிளுக்குச் செவுள் பாத்த ஒரே பொம்பள நான்தாம்லே."

"கடையில எல்லாரும் சிரிச்சாவ அக்கா. புதுச் சைக்கிளத் தலைகீழாக் கவுத்துட்டியே."

"செவுளப் பொக்கிப் பாக்காம நான் மீனு வாங்குவனா? முன்னயும் பின்னயும் ஸ்பிரிங்கு, விலையும் கொறவுன்னு நீ பல்ல இளிச்சிட்டு நின்ன. அடியில ஒட்டியிருந்த சீட்டுல என்ன எழுதியிருந்து?"

"ரோட்டுல மட்டும் ஓட்டணும், மலைப்பாதைக்கு ஆகாதுன்னு."

"நீ போறது எங்க?"

"மலைக்கு."

இருவரும் சிரித்தார்கள்.

"பின்சக்கரத்த ஆட்டினா அது வாலாட்டுது. பக்கத்துல நின்ன பழைய ரெட்டை ஸ்பிரிங்கு சைக்கிளு கொஞ்சமும் அசையல்ல. அதே ரூவாய்க்கு அது போதும்லே."

"போதும்க்கா. சொல்லி வச்சாச்சுல்லா. அடுத்த ஞாயிறு அதுலதான் மலைக்கு."

"போய்ட்டு வா மக்கா. அன்னைக்கி மாதிரி, நான் பூசையில நிக்கும்போ, நீ விழுந்து தோளெலும்பு ஒடிஞ்சுன்னு போன் வராதுல்லா."

தம்பி அவள் மடியிலிருந்த காலிக் கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை, நடைக்குக் கிளம்பும் முன் முதல் வேலையாக, என் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.