அசையாமல் கிடக்க வேண்டியவர்

காலையில் காப்பி குடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா. இருந்தாலும் ஏட்டையா வாங்கிக் கொடுத்தது நன்றாகவே இருந்தது. நான் சொல்லப்போவதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகத்தான் வந்தேன்.

என் பெயர் ஒச்சாண்டி. கோம்பைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஆற்றில் வெள்ளம் வந்தால் ஆளை இழுத்துப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. முங்குகிறவனை உடனே நெருங்கக் கூடாது. பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இரண்டு பேரும் போய்விடுவோம். அவன் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து உடம்பு தளரும்வரை கைக்கெட்டும் தூரத்தில் காத்திருந்து, பிறகு பிடரியைப் பிடித்து இழுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் இதைக் கொடுமை என்று சொன்னதில்லை.

போன ஐப்பசியில் நான் ஒரு வண்டிக்காரரை இப்படி இழுத்துப் போட்டதைத் தோட்டத்துத் துரை பார்த்தார். கொழும்பில் பல தேசத்துக்காரர்கள் கூடி நீச்சல் பந்தயம் நடத்தப் போகிறார்கள், அதில் உயிர் காக்கும் போட்டி என்று ஒன்று உண்டு, அதற்கு மலையடிவாரத்துக் கிளப்பின் சிமெண்டுக் குளத்தில் ஆள் பொறுக்கப் போகிறோம் என்றார். நான் ஜெயித்தால் ரேகைப் புத்தகத்திலிருந்து என் பெயரை எடுக்க மேலே சொல்லி ஏற்பாடும் செய்திருந்தார். கொழும்புக்குப் போகிறவன் தினம் போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்க முடியாதல்லவா.

உங்களுக்குத் தெரியாததல்ல. சர்க்கார் சட்டப்படி எங்கள் ஜாதியில் பிறந்த ஆண்பிள்ளை, தப்பு செய்தாலும் செய்யாவிட்டாலும், கைரேகை வைத்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷன் தாழ்வாரத்துக்கு வந்துவிட வேண்டும். என் பெண்டாட்டி பவுனுவுக்கு முதல் பிரசவ வலி கண்ட அன்று நான் அங்கேதான் கிடந்தேன். வீடு கூப்பிடு தூரம்தான், அவள் அலறியது எனக்குக் கேட்டது. காலில் விழுந்தும் விடவில்லை. விடிந்து போனபோது பிள்ளையைப் புதைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார்கள். அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது, ஐயா. இப்போது அவளுக்கு மறுபடி எட்டாம் மாதம்.

போட்டி இதுதான். குளத்தின் எதிர்ச்சுவரோரம் ஓர் ஆள் மல்லாந்து மிதப்பார். நாம் நீந்திப் போய், அவர் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி இழுத்து வர வேண்டும். அவர் முங்கி மயங்கியவர் என்று கணக்கு. கையோ காலோ அசைத்தால் நீக்கிவிடுவார்கள். இழுபடும் ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும். ஊரில் நான் கேட்ட ஒருவரும் வரவில்லை. பவுனுவின் அண்ணன் தவசிதான் வந்தார். அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். தங்கச்சிக்காக வந்தார்.

முதல் சுற்றில் அவர் கால் உதைத்தது. இந்த ஒரு தடவை மன்னிப்பு, இனி அசைந்தால் வெளியே என்றார் துரை.

"நானா வேணும்னு ஆட்டுறேன் மாப்ள? காலு அதுவா ஒதறுது" என்றார் மச்சான். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு ரெண்டு மடக்கு குடிச்சுக்கங்க மச்சான். ஒடம்பு தளந்துரும். அதுக்கு மேல முடியலைன்னா என் கையில தட்டுங்க, விட்டுர்றேன்."

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். "நீ பிடிச்சிருக்கேல்ல, பெறகென்ன" என்றார்.

மறுநாள் கடைசிச் சுற்று. எதிர்ச்சுவருக்கு நான்தான் முதலில் போனேன். கரையில் நிற்பவர்களுக்கு என் முதுகு மட்டுமே தெரியும். மச்சானின் பிடரியைப் பிடித்து முகத்தை அமுக்கினேன். இரண்டு மடக்கு. கால் நிற்கவில்லை. அடுத்து வந்தவன் தன் ஆளைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டான். எனக்குப் பவுனுவின் அலறல் கேட்டது. இன்னும் ஒரு மடக்கு என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒன்று.

கால் நின்றது. அதன் பிறகு இழுத்து வருவது சுலபமாக இருந்தது. முகத்தை விதிப்படி மேலேதான் வைத்திருந்தேன். ஒரு முழத்தில் ஜெயித்தேன். முங்கினவன் இப்படித்தான் கிடப்பான் என்று துரை மச்சானைக் காட்டி மற்றவர்களுக்குச் சொன்னார். விசில் ஊதும்வரை கரையிலும் அவர் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது விதி. அப்படியே கிடத்தியிருந்தேன். குப்புறப் போட்டு முதுகை அழுத்தினால் தண்ணீர் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். உதடு நீலம் பாய்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விசில் வர நேரமாயிற்று.

விபத்து என்றே எழுதினார்கள். பிரேதத்துக்கு எண்ணெய் வைத்தபோது பிடரியில் என் விரல்கள் பதிந்திருந்ததைப் பவுனு மட்டும் பார்த்தாள். கடைசிச் சுற்றுக்குப் புறப்படுமுன் மச்சான் அந்தத் தட்டுகிற ஏற்பாட்டை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"எங்கண்ணன் ஒன் கையில தட்டலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது பொய். மூன்று தடவை தட்டினார். முங்குகிறவன் பிராண்டுவான், தட்டமாட்டான். நான் விட்டுவிடுவேன் என்று நம்பியதால்தான் அவர் தட்டினார். அது தெரிந்தே அமுக்கிக் கொன்றேன்.

பவுனு வடுகபட்டியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். என் முகத்தில் முழிக்க மாட்டாளாம். அது கோபத்தில் சொன்னது. வலி கண்டால் என்னைத்தான் தேடுவாள். அந்தப் பொய்யோடு அவள் முன்னால் நிற்க முடியாது என்றுதான் இங்கே வந்து உண்மையைச் சொன்னேன். என் பெயரை நீக்கிய உத்தரவு முந்தாநாள் வந்துவிட்டது, ஐயா. ஆகவே நான் கையெழுத்துப் போட்டதும் அனுப்பிவிடுங்கள். இந்தத் தடவை நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.