கயிற்றுக்கு வைத்த பொட்டு

தயிர்சாதத்தில் மாதுளை முத்து போடுவது என் வழக்கம். நாங்கள் இருக்கும் அமெரிக்க ஊரான பிஸ்கட்டவேயில் யாருக்கு ஜுரம் என்றாலும் முதல் டப்பா என் வீட்டிலிருந்துதான் போகும். சேனாபதி அங்கிள் மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்பார்கள். நான் மறுத்ததில்லை, மறுத்தால் பொய்யாகிவிடும்.

பக்கத்து வீட்டுப் பசுபதி மட்டும் என்னிடம் எதையும் வாங்கியதில்லை. ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்றால், "இட்ஸ் ஓகே அங்கிள், நானே மேனேஜ் பண்ணிக்கறேன்" என்பான். வாசலில் பனி தள்ளித் தரட்டுமா என்றாலும் அதே பதில். அடுத்தவனுக்குப் புண்ணியம் சேர வழிவிடாதவனை என்னவென்று சொல்வது? அப்படிப்பட்ட கர்வத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நட்பாகாது.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும், ஒரு காலத்தில் கடலில் சிப்பி அள்ளிய பழைய பாய்மரப் படகு ஒன்றை ஓட்டிப் பராமரிக்கும் தொண்டு செய்தோம். நூறு வயது தாண்டிய மரப்படகு. அதன் பெரிய பாயின் மேல் விளிம்பைத் தாங்க, பாய்மரத்திலிருந்து சாய்வாக நீளும் கனத்த கட்டை ஒன்று உண்டு, காஃப் என்பார்கள். அதன் வெளிநுனியைத் தூக்கிப் பிடிப்பது ஒரே கயிறு. கீழே மரமுளையில் சுற்றிக் கட்டியிருக்கும். அந்த நுனிக்கு நேர் கீழேதான் பசுபதி சுக்கான் பிடித்து நிற்பான்.

ஆயுத பூஜை வந்தது. படகுக்கும் செய்யலாமே என்றேன். அமெரிக்கத் தொண்டர்கள் பூரித்துப் போனார்கள். பாய்மரத்துக்குச் சந்தனம், சுக்கானுக்குக் குங்குமம், கயிற்றுக்குப் பொட்டு, முளைக்குத் தாராளமாக நல்லெண்ணெய். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பாயை ஏற்றிக் கிளம்பினோம்.

"எண்ணெய் வழுக்குமே அங்கிள்" என்றான் பசுபதி.

"நான் தொடச்சு விட்டுடறேன்ப்பா. நீ போய் நில்லு."

"தேங்க்ஸ் அங்கிள்."

என் உதவியை அவன் ஏற்றுக்கொண்டது அன்றுதான் முதல் முறை. மனம் குளிர்ந்துவிட்டது.

துடைக்கவில்லை. முளையின் மேல்சுற்றுகளை அவிழ்த்தும் வைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. காற்று வலுத்தது. கயிறு ஓடியது. கட்டை இறங்கியது.

நான் நினைத்தது ஒரு சின்ன எலும்பு முறிவு. ஒரு மாதம் டப்பா கொண்டுபோகலாம் என்று. கழுத்தில் விழுந்தது பகவான் சித்தம்.

இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. பேச்சும் இல்லை. அவன் மனைவி விசாலாக்ஷி வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் பகலெல்லாம் நான்தான். என்னைப் பார்த்ததுமே அவன் கண்ணில் நீர் தாரையாக வழியும். அத்தனை நன்றி.

எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். என்னை உள்ளே வையுங்கள், வருத்தமில்லை. மத்தியானம் மட்டும் யாராவது அவனிடம் போங்கள். மாதுளை வேண்டாம், தொண்டையில் சிக்கும். கரண்டியைக் கண்டால் வாயை இறுக்க மூடிக்கொள்வான். இரண்டு கன்னத்தையும் சற்று அழுத்திப் பிடியுங்கள், வாங்கிக்கொள்வான்.