கண்ணடைக்கச் சொன்னதும் கன்னத்தில் விரல் வந்ததும்

என் பெயர் குப்பண்ணன், வயது 56, த/பெ மாரண்ணன். வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். தொழில் மாட்டுத் தரகு. படிப்பு ஏழாம் வகுப்பு, ஆனால் வக்கீல்களே என்னிடம் யோசனை கேட்பதுண்டு. இப்படியெல்லாம் நடக்கும் என்று சித்திரை மாதமே நான் சொல்லியிருந்தேன். என் அக்கா கமலாத்தாள் அதற்குச் சாட்சி, அவளுக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும்.

அக்காவின் மகள் செல்வப்பிரியாவுக்கு வயது 24. வலது காதுக்குக் கீழே எச்சில் சுரப்பியில் இருந்த கட்டியை, சென்ற செவ்வாய்க்கிழமை பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி நெல்லிக்காய் அளவு என்றார் நர்ஸ். நான் பார்த்தவரை தேங்காய். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது, வாய் கோணினாலும் கோணலாம் என்று சொல்லி முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்.

அதன்பிறகு புதன்கிழமை காலை ஸ்ரீஜித் என்ற இளம் டாக்டர் அவளைப் பார்க்க வந்தார். நான் திரைக்கு வெளியே நின்றேன். எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் "கண்ணடைக்கூ" என்றார். கண்ணை மூடு என்பதாம். எனக்குக் கண்ணடி என்று கேட்டது. அதன்பிறகு பல்லைக் காட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். முப்பது வருடமாக நான் மாட்டுக்குத்தான் பல் பார்த்து வருகிறேன். திரையை விலக்கி உள்ளே போனபோது டாக்டர் அவள் கன்னத்தில் விரல் வைத்திருந்தார். நான் அவர் காலரைப் பிடித்து, "எங்கூட்டுப் புள்ளைய விசிலடிக்கச் சொல்றயா நீயி" என்று கேட்டேன். பொத்தான் ஒன்று தெறித்தது. ஐந்நூறு பேர் கூடினார்கள்.

செல்வப்பிரியா, "கைய எடுங்க மாமா, நரம்பு வேலை செய்யுதான்னு பாக்கறாருங்க" என்றாள். சொல்லும்போது வாய் இடது பக்கம் மட்டும் போயிற்று. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இன்னும் சத்தம் போட்டேன்.

அதன்பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் என்மேல் போலீஸில் புகார் கொடுத்தார்கள். டாக்டர் தவறாகத் தொட்டார் என்று நான் எதிர்ப்புகார் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை டாக்டர் வார்டுக்கு வரக்கூடாது என்றும், புகார் நிரூபணமானால் அவர் வேலை போய்விடும் என்றும் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை செல்வப்பிரியா என்னைக் கட்டிலுக்கு எதிரே உட்காரவைத்து, "அவரைத்தான் தொரத்திட்டீங்க, நீங்களே பாருங்க" என்றாள். நான் கண்ணை மூடிக் காட்டினேன், அவளும் மூடினாள், இரண்டு கண்ணும் முழுதாக மூடின. கன்னத்தை உப்பிக் காட்டினேன், அவளுக்கு வலது பக்கம் காற்று ஒழுகிற்று. விசிலடித்துக் காட்டினேன், நர்ஸ் ஓடி வந்தார். அதைப் பார்த்து அவள் சிரித்தபோது வலது கடைவாய் ஒரு நெல்லளவு மேலே போயிற்று. அந்த நெல்லை எழுதி வைக்க அங்கே டாக்டர் இல்லை. "தொட்டாருன்னு எதுக்கு மாமா சொன்னீங்க" என்று கேட்டாள். நான் எழுந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மேலே கண்டதை எழுத்தர் படித்துக் காட்டினார். டாக்டர் கன்னத்தில் விரல் வைத்திருந்தார் என்ற வரியில் நிறுத்தச் சொன்னேன். டாக்டரின் ஒரு கையில் பேனாவும் மறு கையில் கேஸ் ஷீட்டும் இருந்தன. கன்னத்தில் இருந்த விரல் நான் வாக்குமூலத்தில் வைத்தது. அடித்துவிடட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், பொய் என்று பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். அதற்கும் சேர்த்து இங்கே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
மா. குப்பண்ணன்