உப்புத் தின்ற மான்

வெண்கட்டியை இரண்டாக முறித்து எழுதினால் கரும்பலகை கீச்சிடாது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நீங்கள் அலவத்துகொடையிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பது இதைக் கேட்பதற்காக அல்ல என்று தெரியும், ரபீகா டீச்சர். உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இலக்கியப் பாடத்தில் உறங்கிவிடுகிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் பாடப்புத்தகத்தையே திருப்பி எழுதுகிறார்கள். என் வகுப்பில் எவரும் உறங்கியதில்லை என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்று கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிவுரையில் நாட்டம் இல்லை, வழக்கில் உண்டு. கட்டுக்கலைக் கோயிலில் திருவிழாக் காலத்தில் வழக்காடு மன்றம் நடக்கும்போது, சாமி பார்க்க வராத பையன்கள்கூட மதில்மேல் ஏறி உட்கார்ந்து கேட்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடவேளைகளையும் மன்றமாக்கினேன். ஒரு கதாபாத்திரத்தைக் கூண்டில் நிறுத்துவோம். கூண்டு என்பது பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் இரண்டை எதிரெதிராகப் போட்டது. ஒருவர் குற்றம் சாட்டுவார், குற்றவாளி தானே மறுப்பார், மற்றவர்கள் தீர்ப்புக் கூறுவார்கள். திங்கட்கிழமை எல்லோரும் எழுத வேண்டும். தீர்ப்பைப் பற்றி எழுதக் கூடாது என்பது விதி. மன்றத்தின்மேல் பறந்த காகம் கண்டதை எழுதலாம். தோற்றவனின் தாய் அன்று மாலை அடுப்பு மூட்டியதை எழுதலாம். இந்தப் பயிற்சிகளை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கதைகளை நானே புனைவேன். விலங்குகளின் வாயில் வைத்துச் சொன்னால் உண்மை கசப்பதில்லை. பிள்ளைகளுக்கு என்மேல் அன்பு இருந்தது. நான் எவரையும் பிரம்பால் தொட்டதில்லை.

எழுபத்து நான்காம் ஆண்டு அது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காத வீடுகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு ஆளுக்கொரு பணிஸ், கைக்குள் அடங்கும் உருண்டை ரொட்டி, கொடுப்பார்கள். அந்தப் பணிஸுக்காகவே பல பிள்ளைகள் வந்தார்கள் என்பதை நாங்கள் அறிவோம்.

அந்த ஆண்டின் முதல் மன்றத்துக்கு நான் எழுதிய கதை இது. காட்டில் பஞ்சம். எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக ஓர் உப்புப்பாறை இருந்தது. ஒரு நாள் பார்த்தால் பாறையில் பாதியைக் காணவில்லை. மானின் நாக்கு வெள்ளையாக இருந்தது. நரி விசாரித்தது; மான்தான் தின்றது என்று தீர்ப்பானது. உப்புத் தின்றவர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது கதையின் நீதி. சிறிய கதைதான், ஆனால் நன்றாகக் கட்டப்பட்டது.

மானாக நிற்க இராஜகுமாரி என்ற பிள்ளைக்குச் சீட்டு விழுந்தது. தெல்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். தாய் பாப்பம்மா கொழுந்து பறிப்பவர். தகப்பன் வீரய்யா நெஞ்சுச் சளியால் வேலையை விட்டிருந்தார். குற்றம் சாட்டியவன் வகுப்புத் தலைவன் சுவக்கின், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவரின் மகன்; நாவன்மை உடையவன். அவன் கால் மணி நேரம் அழகாகப் பேசி முடித்தான். இராஜகுமாரி எழுந்து, வகுப்பைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எல்லாரும் நாக்க நீட்டுங்க.”

சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் ஒன்றும் தின்னாமல் வந்த நாக்குகள். பெரும்பாலும் எல்லாமே வெள்ளை.

“மான் உப்பத் தின்னல. நாலு நாளா எதையுமே தின்னல. பசிச்ச நாக்கு இப்படித்தான் இருக்கும். நரிக்கு அது தெரியாது. ஏன்னா நரி சாப்பிட்டுட்டு வந்திருக்கு.”

அப்போது அக்குறணைப் பக்கத்துப் பையன் பாரூக் கடைசி வாங்கிலிருந்து குரல் கொடுத்தான். “சேர், நீங்களும் கொஞ்சம் நாக்க நீட்டுங்களே பாப்பம்.”

நான் காலை உணவுக்குப் பின்னர் வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவன். என் நாக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீட்டினேன். வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விட நீண்ட நேரம் சிரித்தவன் நான்தான். இராஜகுமாரி மட்டும் சிரிக்காமல், “கதைக்கு இந்த முடிவு சரியில்லயே சேர்,” என்றாள், மரியாதையோடுதான் சொன்னாள். மான் ஏகமனதாக விடுதலையானது.

திங்கட்கிழமைக் கட்டுரைகள் ஏமாற்றம் தந்தன. மான் நல்லது, நரி கெட்டது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். விடுதலையான மானைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அன்று மாலை நான் சிந்தித்துப் பார்த்தேன். ஒருவர் எதையேனும் உண்மையில் இழந்தாலன்றி மற்றவர்களுக்கு எழுத்து வராது. இதை நான் பொறாமையாலோ கோபத்தாலோ சொல்லவில்லை. நாற்பது ஆண்டு அனுபவத்தால் சொல்கிறேன். மன்றத்துக்கு உண்மையான வழக்கு ஒன்று தேவைப்பட்டது.

அந்த வாரமே ஒரு நாள் இடைவேளையில் பணிஸ் குறைந்தது. முன்வாங்கில் சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுவக்கின் எல்லோருடைய பைகளையும் பார்க்க அனுமதி கேட்டான், கொடுத்தேன். பணிஸ்கள் இராஜகுமாரியின் துணிப்பையில், புத்தகங்களுக்குக் கீழே இருந்தன.

அதிபரிடம் போகலாம் என்றார்கள். போனால் பள்ளிக்கூடத்தை விட்டே நீக்கிவிடுவார், நம் வகுப்பின் விடயத்தை நம் மன்றமே தீர்க்கட்டும் என்றேன். பிள்ளைகள் என்னை நன்றியோடு பார்த்தார்கள். அவளும்தான். தீர்ப்புக் கூறுவோராகப் பணிஸ் கிடைக்காதவர்களை உட்கார வைத்தேன். இழந்தவருக்கே நியாயத்தில் அக்கறை இருக்கும்.

சுவக்கின் இம்முறை சுருக்கமாகப் பேசினான். நான் கற்றுக்கொடுத்தபடியே, எதிரியின் சொல்லை எடுத்து எதிரிக்கே கொடுத்தான்.

“வீட்டுல அப்பாவுக்குச் சுகமில்லதானே?”

“ஆமா.”

“ஒனக்குப் பசிதானே?”

“பசிதான்.”

“அன்னைக்கு நீயே சொன்ன, நாலு நாளாத் தின்னலன்னு. அப்ப எடுத்தியா, இல்லியா?”

“எடுக்கல.”

“பணிஸ் தானா நடந்து வந்து ஒன் பையில படுத்துக்கிச்சாக்கும்?”

வகுப்பு சிரித்தது. அவள் குனிந்து துணிப்பையின் வாயைக் கட்டினாள். அவ்வளவு பேசத் தெரிந்த பிள்ளை. குற்றவாளி என்று தீர்ப்பானது.

தண்டனை என்னவென்று கேட்டேன். எவருக்கும் தோன்றவில்லை. அவளோடு அதே லயத்திலிருந்து வரும் றீற்றா மெல்லச் சொன்னாள்: “எங்க தோட்டத்துல தப்புப் பண்ணுனா தலைவரு தள்ளிவைப்பாரு சேர். நெருப்பு, தண்ணி குடுக்க மாட்டாங்க. பேச மாட்டாங்க. ஒத்துக்கிட்டா சேத்துக்குவாங்க.” மண்ணிலிருந்து வந்த முறை. அதையே ஏற்றேன். இராஜகுமாரி தன் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை எவரும் அவளோடு பேசுவதில்லை, தண்ணீர் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. விளையாட்டுத்தான், டீச்சர். ஆனால் விளையாட்டை முழு மனத்தோடு விளையாட வேண்டும் என்பது என் கொள்கை.

அதன்பின் வந்த எழுத்தை நீங்கள் படித்திருக்க வேண்டும். பேசாத வகுப்பில் கேட்கும் ஒலிகளை மட்டும் எழுதச் சொன்னேன். அடைமொழி ஒன்றும் இல்லாமல் ஒரு தாகத்தை எழுதச் சொன்னேன். குழாயடியில் அவள் காத்திருக்க, மற்றவர்கள் மணி அடிக்கும்வரை குழாயை விடாமல் நிற்பதைப் பாரூக் எழுதியிருந்தான், எல்லோரையும் சிரிக்கவைக்கும் பகிடிக்காரப் பாரூக். வாசித்துவிட்டு அவனே அழுதான். பிள்ளைகள் எழுத்தாளர்களாகிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாலை எல்லோரும் போன பிறகு அவள் மேசையருகே வந்தாள்.

“சேர், நான் எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?”

“எனக்குத் தெரிஞ்சது தீர்ப்பாகாதும்மா,” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

தண்டனை தோட்டத்துக்கும் போகும் என்று நான் எதிர்பார்த்தேனா என்று நீங்கள் கேட்கலாம். றீற்றா கடமையுணர்வுள்ள பிள்ளை. லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியிலும் அவள் இராஜகுமாரிக்கு இடம் விடவில்லை. பெண்கள் காரணம் கேட்டார்கள், அவள் சொன்னாள். தலைவர் கூட்டம் கூட்டினார். டவுன் பள்ளிக்கூடத்துப் படித்த சேர் ஒருவர் முன்னிலையில் தீர்ந்த வழக்கை மீண்டும் விசாரிப்பதற்கு நாம் யார் என்று அவர் சொன்னாராம். பசித்த பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கிய வீடு என்று, வீட்டையே தள்ளிவைத்தார்கள். என் சொல்லுக்கு அங்கே அத்தனை மதிப்பு இருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

பாப்பம்மா வந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்க்காமல், மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். நான் கதிரை போட்டேன், உட்காரவில்லை.

“ஐயா, எம் புள்ள கள்ளியா? ஒங்க வாயால சொல்லுங்க. நீங்க இல்லன்னு ஒரு சொல்லு சொன்னா தலைவரு கேட்டுக்குவாரு. புள்ளயோட அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குது. கம்பளியில போட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போக நாலு ஆளு வேணும். ஒருத்தரும் வாசப்படி ஏற மாட்டேங்கிறாங்க.”

நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு கிணறு தன் ஆழத்தை எவரிடமும் சொல்லவில்லை, இறைத்தவர்களே கண்டுகொண்டார்கள்.

“ஐயா, எனக்குக் கத வேணாம். ஆமாவா, இல்லையா?”

நியாயமான கேள்வி. விடையும் எனக்குத் தெரிந்திருந்தது. பணிஸ் குறைந்த அன்று, காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்றபோது, பெட்டியிலிருந்து பணிஸ்களை எடுத்து அந்தத் துணிப்பையில் வைத்தவன் நான். புத்தகங்கள் நசுங்காதபடி வைத்தேன். ஆனால் அந்த வேளையில் இல்லை என்று சொல்லியிருந்தால் வழக்கு பாதியிலேயே சரிந்திருக்கும். ஒரு வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது பொய்யாகியிருக்கும். ஒரு தாயின் மனக்குறைக்காக முப்பது பிள்ளைகளின் கல்வியைக் குலைக்கலாமா?

“புள்ள ஒத்துக்கிட்டாப் போதும்மா,” என்றேன். “எல்லாம் சரியாப் போயிடும்.”

அவர் இடுப்புச் சாக்கை இறுக்கிக்கொண்டார். “கும்பிடுறேன் ஐயா,” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் பிள்ளையை அடித்தாராம், ஒப்புக்கொள்ளச் சொல்லி. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றம் கூடுவதற்கு முன்னரே அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். சீருடையில் இல்லை. கையில் பையும் இல்லை. உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. நேரே நடந்து வாங்குகளுக்கு நடுவே, கூண்டில் நின்றாள்.

“நான்தான் எடுத்தேன், சேர். அப்பாவத் தூக்க ஆள் அனுப்பச் சொல்லுங்க.”

வீரய்யா முதல்நாள் பகலில் இறந்திருந்தார். தள்ளிவைத்த வீட்டில் பிணம் தூக்கவும் குழி வெட்டவும் ஆள் வருவதில்லை. அதற்கும் முறை ஒன்றுதான்: ஒப்புக்கொண்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

முதலில் எழுந்தவன் சுவக்கின். “சேர், இவ எடுக்கல,” என்றான். “பாருங்க சேர், எடுத்தவ இப்படிச் சொல்ல மாட்டா.” கூர்மையான கவனிப்பு. ஆனால் கூண்டில் நின்றவரே ஒப்புக்கொண்ட பின்னர் குற்றம் சாட்டியவருக்குப் பேச இடமில்லை என்பது மன்றத்தின் விதி, உட்காரச் சொன்னேன். வழக்கு முடிந்தது, போய்த் தலைவரிடம் சொல் என்று றீற்றாவைப் பார்த்துச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுகொண்டு பஸ் நிலையத்தை நோக்கி ஓடிவிட்டாள். இராஜகுமாரியும் பின்னால் போனாள். மற்றவர்களைப் பேனாவை எடுக்கச் சொன்னேன். சிலர் எடுக்கவில்லை. சுவக்கின் அதன்பின் என் வகுப்பில் ஒரு வரியும் எழுதவில்லை. அவனிடம் நான் எதிர்பார்த்தது அதிகம்.

நீங்கள் வெகு நேரமாக ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை, டீச்சர். பரவாயில்லை. “அந்தப் புள்ள இப்ப எங்க?” என்று கேட்கிறீர்கள். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. மறு ஆண்டு தாயும் மகளும், தோட்டத்து ஆட்களை அக்கரைக்குத் திருப்பியனுப்பும் திட்டத்தில் பாஸ்போர்ட் கிடைத்துத் தலைமன்னாரில் கப்பலேறியதாகச் சொன்னார்கள். பணிஸ் பற்றிய உண்மையை நான் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் முறையைக் கேட்டதால் சொன்னேன், முறை அதில்தான் இருக்கிறது.

அவள் அன்று சொன்ன இரண்டு வாக்கியங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஓர் அடைமொழி இல்லை. ஒரு விளக்கம் இல்லை. முதல் வாக்கியம் முழுப் பொய். இரண்டாவது முழு உண்மை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. என் வாழ்நாளில் நான் கேட்ட சிறந்த தமிழ் அது. வரவுப் பதிவில் பெயர் வெட்டப்படுவதற்கு முன்னர் அவளுக்கு நூற்றுக்கு நூறு புள்ளிகள் இட்டேன்.

அவ்வளவு ஆற்றல் உள்ளவள் எழுதாமல் இருக்க மாட்டாள். எங்கேயோ எழுதிக்கொண்டுதான் இருப்பாள். உன்னை இப்படி எழுத வைத்தவர் யார் என்று எவராவது கேட்டால், அவள் தயங்காமல் என் பெயரைச் சொல்வாள்.