ஆள் இருக்கும் நாற்காலிகள்

இந்தப் பெண் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அலுவலக மாடியிலிருந்து எங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்கு இறங்கி வந்து, மீ சியாம் நூடுல்ஸ் தட்டோடு என் மேசையருகே நின்றபோது முகம் அப்படி வாடியிருந்தது. எதிரே இடமில்லை, பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். பெயர் ஃபர்ஹானா. பணியாளர் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். பயிற்சி வகுப்பு ஏன் பாழாய்ப் போனது என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பாவம்.

"கியோக் ஆன்ட்டி, அந்த வகுப்புக்கு நீங்க மட்டும்தான் போயிருக்கீங்க. மத்தவங்க ஏன் வரல?"

"வந்தாங்களே. வாசல் வரைக்கும் வந்தாங்க," என்றேன்.

கேட்டால் பதில் சொல்லிவிடுவது நல்லது. அதனால் முழுவதையும் சொன்னேன்.

எங்கள் வேலை, ஹோட்டல்களிலிருந்து துவைக்க வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது. பெரிய விரிப்பு ஒருத்திக்கு அடங்காது. ஒரு முனையில் நான், மறுமுனையில் பெக் லான். விலகி நின்று உதறுவோம், பிறகு நெருங்குவோம், அவள் முனையை என் கையில் தருவாள். நெருங்கும்போதெல்லாம் ஒரு வரி பேசுவோம். அவள் மாமியாரின் பிடிவாதம், என் முழங்கால், பக்கத்து வீட்டு நாய். ஒரு கதை முடிவதற்குள் ஒரு வண்டி விரிப்பு முடிந்துவிடும். மிச்சக் கதை சாப்பாட்டு மேசையில், எதிரெதிரே உட்கார்ந்து. என் கணவரோடுகூட நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் எதையும் மடித்ததில்லை.

பிறகு மடிக்கும் இயந்திரங்கள் வருவதாகச் சொன்னார்கள். மேலாளர் ஓங் எங்களைக் கூட்டி வைத்து, மனப்பான்மை மாற வேண்டும் என்று பேசினார். எதிர்காலம் என்று அவர் சொன்ன விதத்தில் அது அடுத்து வரப்போகும் பேருந்து மாதிரி இருந்தது. பயிற்சி முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு இயந்திரம், ஆளுக்கொரு மூலை. முடிக்காதவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானும் அதை யோசிக்கவில்லை.

பெக் லானுக்கு ஒரே உற்சாகம். "நான் முதல்ல கத்துக்கிட்டு உனக்குச் சொல்லித் தரேன். நீ மந்தம்," என்றாள். அன்றிலிருந்து விரிப்பின் மறுமுனையில் இயந்திரப் பேச்சுதான். மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

நான் செய்தது சின்னக் காரியம். ரயில் நிலைய வாசலில் டிஷ்யூ காகிதப் பொட்டலங்கள் விற்கும் முதியவரிடம் ஒரு கட்டு வாங்கினேன். அவருக்கும் உதவியாயிற்று. திங்கட்கிழமை, வேலை தொடங்குமுன் வகுப்பு. நான் முன்னதாகவே வந்து, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பொட்டலம் வைத்தேன். கதவைப் பூட்டவில்லை. யாரையும் தடுக்கவில்லை.

எங்கள் ஊரில் நாற்காலிமேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கொதிக்கும் சூப்பைக் கையில் ஏந்தி இடம் தேடுகிறவன்கூட அதைத் தொடமாட்டான். பெக் லான் வந்தாள், வாசலில் நின்று பார்த்தாள். "எல்லாத்தையும் புடிச்சிட்டாங்க லா. நீயாவது உக்காந்து கேளு, அப்புறம் எனக்குச் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டாள். மற்றவர்களும் அப்படித்தான். இடம் பிடித்தது துவைக்கும் பிரிவு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நாங்கள்தான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அடுத்த திங்கள் பெக் லான் இன்னும் சீக்கிரம் வந்தாள். நான் அதைவிடச் சீக்கிரம் வந்திருந்தேன். ஒருமுறை ஓங் எட்டிப் பார்த்தார். நாற்காலி எல்லாம் நிறைந்திருப்பதைக் கண்டு திருப்தியோடு போனார்.

பயிற்சியாளன் டெஸ்மண்ட் நல்ல பிள்ளை. "மத்தவங்க டாய்லெட்டுக்குப் போயிருக்காங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுக் காத்திருந்தான். வருவார்கள் என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்திக்காக அவ்வளவு சிரத்தையாகச் சொல்லிக் கொடுப்பவனைக் கவனிக்காமல் இருப்பது மரியாதையில்லை. கவனித்தேன். தேர்வும் வைத்தான். தேறிவிட்டேன்.

பெக் லான் விரிப்பின் மறுமுனையிலிருந்து, என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்பாள். மாமியார் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பேன்.

கடைசியில் ஓங் மறுபடி பேசினார். எங்கள் வயதுக்காரர்களுக்குக் கற்கும் ஆசை இல்லை என்று வருத்தப்பட்டார். இயந்திரங்கள் வந்தன. என்னைத் தவிர மடிக்கும் பிரிவு முழுவதும் வீட்டுக்குப் போயிற்று. இப்போது விரிப்பின் மறுமுனையை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. வேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் இல்லை.

பெக் லான் இப்போது நாளெல்லாம் மாமியாரோடு இருக்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழுவாள். "தப்பு என்மேலதான் கியோக். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கணும்." மனசை விடாதே என்று தேற்றுவேன். என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்.

ஃபர்ஹானா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இதை அப்படியே மேலாளர்கிட்ட வந்து சொல்லுங்க. டிஷ்யூ பொட்டலம்னு நான் போய்ச் சொன்னா சிரிப்பாங்க. நீங்க சொன்னா எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு வகுப்பு வைப்பாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கறேன். பெக் லான் ஆன்ட்டி திரும்பி வருவாங்க."

அதை நானும் யோசித்திருந்தேன். வருவாள். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் வருவாள். வந்து வேறு மேசையில் உட்காருவாள். இப்போது அப்படி ஒரு நிலைமை இல்லை; எங்களுக்குள் எந்த மனக்கசப்பும் இல்லை.

"மீ சியாம் ஆறுது, சாப்பிடு," என்றேன்.

அவள் விடவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனாள். அந்த நாற்காலிமேல் தினமும் நான் வைக்கும் டிஷ்யூ பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டினாள்.

"அங்க உக்காராதம்மா," என்றேன். "ஆள் இருக்கு."

எங்கள் ஊர்ப் பெண்தானே. கையை இழுத்துக்கொண்டாள்.