மாடி வீட்டு பேட்டரி தீப்பிடித்தது குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் உள்ளபடி. வயது 57. தையல் கடைக்கு மேல் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். பேட்டரி சோதனைக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடங்களாக வேதியியலாளராக வேலை பார்க்கிறேன். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் போலீசாரிடம் இதைச் சொல்கிறேன்.

என் மனைவிக்கு நுரையீரல் நோய் வந்து, மூன்று வருடங்களாக வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடியது. எங்கள் தெருவில் அடிக்கடி கரண்ட் போகும். அப்போது அவர், "ஊருக்கெல்லாம் சார்ஜ் பாக்குறீங்க, உங்க வீட்டுக்காரிதான் கரண்ட் இல்லாம கெடக்கா" என்பார். அதன் பிறகு, சோதனையில் தேறாமல் அழிப்பதற்கு ஒதுக்கிய லித்தியம் செல்களில் நூற்றுப் பன்னிரண்டை அனுமதி கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, கோர்த்து, பெட்டியில் அடைத்து, இன்வெர்ட்டரோடு இணைத்தேன். பிறகு கரண்ட் போனாலும் மெஷின் நிற்கவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் மனைவி இறந்தார். அதன் பிறகும் நான் மெஷினை நிறுத்தவில்லை. "ஆளில்லாத கட்டிலுக்கு எதுக்குய்யா ஆக்சிஜன்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேலை விட்டு வந்து கதவைத் திறந்ததும் வீட்டில் ஏதாவது சத்தம் வேண்டியிருந்தது என்று சொன்னேன். குழாயைக் கழுவித் தலையணை மேல்தான் வைத்திருந்தேன்.

செல் என்பது மின்சாரத்தை வேதிமாற்றமாகச் சேர்த்து வைத்து, கேட்கும்போது திருப்பிக் கொடுப்பது. பழைய செல்லில் மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் ஊசி ஊசியாக வளரும். நடுவிலுள்ள மெல்லிய தடுப்பை அந்த ஊசி துளைத்துவிட்டால் தீப்பிடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உப்பிய செல்லை அன்றே கழற்ற வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். சம்பவத்துக்குப் பத்து நாள் முன்பு பெட்டியில் ஒரு செல் உப்பியிருந்ததைப் பார்த்தேன். அதைக் கழற்றவில்லை. பெட்டியைப் பிரித்தால் திரும்பக் கோர்க்க எனக்குக் காரணம் கிடையாது.

சம்பவத்தன்று எனக்கு விடுமுறை. காலை ஒன்பதரை மணிக்குக் கரண்ட் போய், பதினொன்றுக்கு வந்தது. காலியான பேட்டரியில் சார்ஜ் ஏறத் தொடங்கி அரை மணி நேரம் கழிந்திருக்கும். நான் சமையலறையில் இருந்தேன். சீறும் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. மெஷின் நின்றிருந்தது. பெட்டியை பால்கனிக்கு இழுக்கப் பார்த்தேன். அதன் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை.

கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மா மேலே வந்து, சட்டையைப் பிடித்து என்னைப் படிக்கட்டு வரை இழுத்துப் போட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். வழியை மறித்துக் கிடந்த பெட்டியைத் தள்ளியதில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் வெந்துவிட்டன. மூன்று மாதமாவது கத்தரி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்கிறார்.

நேற்று அவர் கைக்கட்டுகளோடு என் வார்டுக்கு வந்தார். புகையைப் பார்த்தா வந்தீர்கள் என்று கேட்டேன். "புகை எங்கண்ணே தெரிஞ்சுது? மெஷின் சத்தம் கேட்டா மேல நீங்க இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன். கரண்டு இருக்கும்போதே டக்குனு நின்னுச்சு. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடியாந்தேன்" என்றார். எட்டு மாதமாக அந்தச் சத்தத்தை நான் ஒருவன்தான் கேட்கிறேன் என்று எண்ணியிருந்தேன்.

தமக்குப் புகார் எதுவும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். இருந்தாலும், செல்களை எடுத்தது, உப்பியது தெரிந்தும் சார்ஜில் விட்டது, அவர் கை வெந்தது ஆகிய மூன்றுக்கும் நானே பொறுப்பு. சோதனைக்கூடத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது.

என்னைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டிய நெருங்கிய ஆள் யார் என்று ஏட்டையா கேட்டார். யாரும் இல்லை என்று சொன்னேன். சற்று நேரம் கழித்து, அந்தத் தையல்கார அம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏட்டையா அடுத்த வார்டுக்குப் போய்விட்டு வந்து, "இதையெல்லாமா கேட்டுட்டு இருப்பீங்கன்னு என்னையத் திட்டுது சார்" என்றார். அந்த இடத்தில் அந்த அம்மாவின் பெயர் எழுதப்பட்டது.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)